பப்பாளி முட்டை வைக்கிற வரைக்கும்

வாங்க மேடம், உள்ள வாங்க. லேப்புலிருந்து வாரேன்னு கேட்டுலயே சொல்லிட்டீங்க, அப்புறம் வெளியவே நின்னு பேசுனா நல்லாவா இருக்கும்? சுகந்தி மேடம், சுகந்தி மேடம்னு மிருதுளா உங்களப் பத்தித்தான் வாய் ஓயாம பேசுவா. உக்காருங்க. வசந்தாமணி, மேடம் வந்திருக்காங்க, காப்பி போடு.

மிருதுளா மேல இருக்கறா. ஒடம்பு கொஞ்சம் சரியில்லீங்க. ஆறு வாரமா வேலைக்கு வரல, போனும் எடுக்கலன்னு நீங்க கேக்கறது நாயந்தான். நான் ஒண்ணும் மறைக்கல. எல்லாஞ் சொல்றேன். ஆனா பல்லியிலிருந்து ஆரம்பிச்சாத்தான் உங்களுக்கு வெளங்கும்.

அதா, அந்தக் கண்ணாடிப் பொட்டிதானுங்க. எட்டிப் பாக்காதீங்க, பகல்ல வெளிய வராது. உங்களுக்குத்தான் தெரியுமே, உங்க லேப்புல இருந்த ஷெரின் பொண்ணு கனடா போகையில மிருதுளா கையில குடுத்துட்டுப் போன பல்லி. செவுத்துல ஏறாது. மஞ்சத் தோல்ல கறுப்புப் புள்ளி, வாலு நல்லா கொழுகொழுன்னு, கண்ணுல எமை இருக்கும். மூடித் தொறக்கும். நாம பாத்தா அதும் நம்மளப் பாக்கும். பப்பாளின்னு பேரு வெச்சிருந்தா. மூணு வருசம் மிருதுளா ரூம்புலதான் இருந்துச்சு. வேலை விட்டு வந்தா மொதல்ல அதுகிட்டப் போயி ஏதாச்சும் பேசிட்டுத்தான் எங்களுக்கு மொகங் காட்டுவா.

எங்கூட்டுக்காரிக்குத்தான் புடிக்காது. ஊட்டுப் பல்லி சொன்னா எந்தத் திசை, என்ன பலன்னு பாக்கறவ அவ. இது சொல்லவே சொல்லாது. ஊமப் பல்லி ஊட்டுல ஆகாதுங்கன்னு பொலம்பிட்டே இருப்பா. நாந்தான் புள்ள ஆசைப்படறா, கெடக்குட்டும் உடுன்னேன். அத நீங்க மனசுல வெச்சுக்கணும் மேடம். அவ ஆசப்பட்டு நான் எதுக்கும் குறுக்க நின்னதில்ல. படிக்க வெச்சேன். வேலைக்கு அனுப்பிச்சேன். பஸ்ஸு கூட்டமா இருக்குதுன்னா, வண்டி வாங்கிக் குடுத்தேன். இன்னிக்கி வரைக்கும் அவமேல கை நீட்டுனதில்ல. எங்கூட்டுக்காரியக் கேட்டுப் பாருங்க.

ஒரு ஞாயித்துக்கெழமைங்க. காலையில மாடியிலிருந்து ஓடியாந்தா. அந்தப் பல்லியக் கையில ஏந்திட்டு, 'அப்பா, இங்க பாருங்க, பப்பாளி மாசமா இருக்கறா'ங்கறா. வயித்தத் திருப்பிக் காட்டறா. ஆமாங்க, மெல்லிசுத் தோலுக்குள்ள ரெண்டு பக்கமும் வெள்ளையா, புளியங்கொட்டையாட்டம் தெரிஞ்சுச்சு. மாசமா இருக்கறதுக்குப் பப்பாளின்னா பேருன்னு எங்கூட்டுக்காரி கூடச் சிரிச்சா. எல்லாருந்தான் சிரிச்சோம்.

சிரிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு ஒரு ரோசனை. மூணு வருசமா ஒத்தையா இருக்கற பல்லி எப்படி மாசமாச்சு?

கேட்டேன். 'ஆண் சேராமயே சில சமயம் முட்டை வெக்குமாம்ப்பா, கோழி வெக்கறதில்லையா அந்த மாதிரி'ங்கறா.

நான் பால் சங்கத்துல முப்பத்தோரு வருசம் டெஸ்டரா இருந்தவன் மேடம். கேனைத் தொறந்து பாலு விழுகற சத்தத்த வெச்சே தண்ணி ஊத்திருக்குதா இல்லையான்னு சொல்லீருவேன். அப்பறந்தான் கருவிய வெச்சுப் பாக்கறது. எத்தன பேரு என்கிட்ட சத்தியம் பண்ணிருக்காங்க. 'சாமி சத்தியமா தண்ணி ஊத்தலீங்க'ம்பாங்க. மொகத்தப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சு போயிரும். எம்பட புள்ள மொகம் எனக்குத் தெரியாதுங்களா?

'எங்காச்சும் வெளிய கொண்டு போனியா கண்ணு?'ன்னு சாதாரணமாத்தான் கேட்டேன்.

'போன மாசம் ஈரோட்டுக்குக் கொண்டு போனேம்ப்பா. இவ வெரல்ல பழைய தோல் உரியாம ஒட்டிக்கிச்சு. டாக்டர்கிட்டக் காட்டுனேன்.'

'எந்த டாக்டரு?'

'இளம்பரிதின்னு ஒருத்தருப்பா. ஊர்வனக்கெல்லாம் நல்லாப் பாப்பாரு.'

'வயசானவரா?'

அதுக்குச் சித்த நேரம் பதிலே வரல மேடம். அந்தச் சித்த நேரந்தான். 'முப்பது இருக்கும்'னா. 'அவரும் இந்த மாதிரிப் பல்லியெல்லாம் வளக்கறாரா?'ன்னேன். 'வளக்கறாரு'ன்னா.

இதுக்கு மேல என்னங்க வேணும்? அவங்கிட்ட ஆண் பல்லி இருக்குது. இவ இதக் கொண்டு போயிருக்கறா. ஒரே நாள்ல ஆவற காரியமா அது? எத்தன தடவ போயிருக்கணும், எங்க போயிருக்கணும், எவ்வளவு நேரம் அங்க இருந்திருக்கணும்? பல்லி வயிறு பொய் சொல்லாதில்லீங்களா? அவ அழுதா. 'ஒரே தடவதாம்ப்பா போனேன், ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன், பத்து நிமிசந்தான்'னா. சத்தியம் பண்ணுனா. நாந்தான் சொன்னேனே, சத்தியமெல்லாம் எவ்வளவோ பாத்தவன் நானு.

சத்தம் போடலீங்க. சத்தம் போட்டா அக்கம்பக்கத்துல கேக்கும். போனக் குடுன்னேன், குடுத்தா. வண்டிச் சாவியக் குடுன்னேன், குடுத்தா. 'கொஞ்ச நாளைக்கு ஊட்டுல இரு கண்ணு'ன்னு சொல்லி மேல அனுப்பிச்சேன். பூட்டெல்லாம் போடல. வெளித் தாழ்ப்பாள் மட்டுந்தான். அதும் அவ நல்லதுக்கு.

பல்லியக் கீழ எடுத்தாந்துட்டேன். அது மேல இருந்துச்சுன்னா அதுகூடவே பேசிட்டு, எங்ககிட்ட மொகங் குடுக்க மாட்டா. கீழ இருந்தா, அதப் பத்திக் கேக்கறதுக்காவது என்கிட்டப் பேசித்தான ஆகணும்? பேசுனா மேடம். மொத ரெண்டு நாள் சோறு தொடல. மூணாம் நாள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, 'அப்பா, பப்பாளிக்குப் புழு வெச்சீங்களா?'ன்னு கேட்டா. 'நீ சாப்பிடு, நானும் வெக்கறேன்'னேன். சாப்பிட்டா.

அதுக்கப்புறம் தெனமும் அப்படித்தான். அவ உள்ள இருந்து சொல்லச் சொல்ல, நான் செய்வேன். புழுவக் கால்சியப் பொடியில பொரட்டிப் போடணும், இல்லாட்டி முட்டைக்கு ஓடு கட்டறதுக்குத் தன் எலும்பையே அது கரைச்சிருமாம். ஒரு டப்பாவுல ஓட்டை போட்டு, தேங்கா நார்த்தூள ஈரமா நெரப்பி வெக்கணும். புடிச்சா உருண்டையா நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது. அடியில சூட்டு மேட்டு, கரண்டுல சூடாகற விரிப்புங்க, அது ஒரு பக்கம் மட்டும் இருக்கணும். எல்லாஞ் செஞ்சேன். நெய் நிறுக்கற தராசுல தெனம் அத நிறுத்துப் பாத்தேன். அறுபத்தோரு கிராம், அறுபத்தி மூணு, அறுபத்தி நாலுன்னு ஏறுச்சு. மேல போயி சொல்லுவேன். 'கையில எடுக்காதீங்கப்பா'ம்பா. 'மூடிய அடிக்கடி தொறக்காதீங்க. பாத்துட்டே இருந்தீங்கன்னா பயந்துட்டு முட்டைய அடக்கிக்குவா. அவள ஒரு மறைவுல தனியா உட்டுருங்க.'

பாக்காம எப்படிங்க உடறது? என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு மனசு அடிச்சுக்குமில்ல? அரை மணிக்கொருக்கா தொறந்து பாப்பேன். நார்த்தூளுக்குள்ள தலைய உட்டு நோண்டிட்டு இருக்கும். நான் மூடியத் தொறந்ததும் நிறுத்திப் போட்டு என்னையவே பாக்கும். நகராது. நானும் பாப்பேன்.

இதுக்கு நடுவுல எங்கக்கா மூலமா ஒரு எடம் வந்துச்சு. சென்னிமலைப் பக்கம், தறி வெச்சிருக்கற குடும்பம். பையன் அமைதி. பேசவே மாட்டான். பொண்ணப் பாக்க வாரம்னாங்க. மேல போயி மிருதுளாகிட்டச் சொன்னேன். 'கீழ வந்து அவங்க முன்னால உக்காந்தீன்னா, பப்பாளியப் பத்து நிமிசம் கையில குடுக்கறேன் கண்ணு'ன்னேன். உடனே தாழ்ப்பாளத் தொறக்கச் சொன்னா. பாருங்க, எப்படிப் பேசுனா புள்ளைங்க கேக்கும்னு பெத்தவனுக்குத் தெரியாதுங்களா?

சேல கட்டிட்டு வந்து உக்காந்தா. காப்பி குடுத்தா. கேட்டதுக்குப் பதில் சொன்னா. அவங்களுக்கு ரொம்பத் திருப்தி. அவங்க கார் ஏறுனதுதான் தாமசம், ஓடிப் போயி பொட்டியத் தொறந்து அதத் தூக்குனா. அடிவயித்த ஒத்த வெரல்ல, தொட்டுந் தொடாமத் தடவிப் பாத்தா. மொகமெல்லாம் மாறிப் போச்சு.

'அப்பா, வாலு இளச்சுருச்சு. சாப்பிடறாளா?'

'நாலு நாளா ஒண்ணும் தொடல. முட்டை வெக்கறதுக்கு முன்னால அப்படித்தான் இருக்கும்னு நீதான சொன்ன.'

'ஒரு பக்க முட்டை ரொம்பப் பெருசா இருக்குதுப்பா. தானா வராது. ஈரோட்டுக்குக் கொண்டு போங்க. நான் வரல. நீங்க மட்டும் கொண்டு போனாப் போதும். ஒரு ஊசியில சரியாயிரும்.'

'ஈரோட்டுக்கா? அவங்கிட்டயா?'ன்னேன்.

காலப் புடிச்சுட்டா மேடம். பட்டுச் சேலையோட தரையில உழுந்து எங்காலப் புடிச்சுட்டா. 'நீங்க சொல்ற பையனக் கட்டிக்கறேன்ப்பா, எங்க வேணாலும் கழுத்த நீட்டறேன், இவள மட்டும் இன்னிக்கே கொண்டு போங்க'ன்னு கதறுனா.

எனக்கு அப்பத்தான் எல்லாம் ஊர்ஜிதமாச்சு. ஒரு பல்லிக்காக யாராச்சும் இந்த அழுகை அழுவாங்களா? அந்தாளுக்கு ஏதோ சேதி போகணும், அதுக்குப் பல்லி ஒரு சாக்கு. நான் அங்க போயி நின்னா, புள்ள எங்கன்னு அவன் கேப்பான், நான் ஒண்ணு சொல்லுவேன், அதுலிருந்து ஒண்ணு கெளம்பும். கொண்டு போகலீங்க. ஆனா அவ கட்டிக்கறேன்னு சொன்னது சொன்னதுதான? அன்னிக்கே எங்கக்காளுக்குப் போனப் போட்டு, சம்மதம்னு சொல்லிட்டேன்.

அஞ்சாறு நாள் கழிச்சு, மத்தியானம் ஒரு மணி இருக்கும், சாப்பிட உக்காந்தோம். அது கத்துச்சு மேடம். ஊமப் பல்லின்னமே, அது கத்துச்சு. கதவுக் கீலு கிரீச்சுங்குமே, அந்த மாதிரி. எங்கூட்டுக்காரி கையிலிருந்த கரண்டியப் போட்டுட்டு, 'எந்தத் திசையிலிங்க?'ன்னு கேக்கறா. அவளுக்கு அதுதான் கவலை. மேல இருந்து மிருதுளா கதவ இடிக்கறா, 'அப்பா, என்னாச்சு, அப்பா, என்னாச்சு'ன்னு. ஓடிப் போயிப் பாத்தா, டப்பாவுக்கு வெளிய ஒரு முட்டை. தோலு மாதிரி மெத்துன்னு, மஞ்சளா, ஒரு பக்கம் நசுங்கி. இன்னொண்ணு வரல. முக்குது, வயிறு ஏறி ஏறி எறங்குது, ஆனா வரல.

மேல போயி, 'ரெண்டும் வெச்சுருச்சு கண்ணு'ன்னு சொன்னேன். அவ மனசு நிம்மதியா இருக்கட்டும்னுதான். 'நெசமாவாப்பா?'ன்னா. 'நெசம்'னேன். அப்பறம் மெதுவா, 'ஒரு தடவ பாக்கட்டுமா?'ன்னு கேட்டா. 'நிச்சயதார்த்தம் முடியட்டும்'னேன்.

நான் கல்மனசுக்காரன் இல்லீங்க. ஒரு வாரம் பாத்தேன். அது படுத்தது எந்திரிக்கல. வாலு வத்திப் போயி வெறுங் குச்சியாட்டம் ஆயிருச்சு. மனசு கேக்காம, வாரம் முடிஞ்ச மறுநாள் விடியால கோயமுத்தூருக்குக் கொண்டு போனேன். ஈரோடு இங்கிருந்து முக்கா மணி நேரந்தான். இருந்தாலும் கோயமுத்தூருக்குத்தான் கொண்டு போனேன். எங்கூட்டுக்காரி அன்னிக்கித் தம்பி ஊட்டுல காதுகுத்துன்னு காங்கயத்துக்குப் போயிருந்தா.

சித்த கிட்ட வாங்க மேடம். சத்தமாச் சொல்ல முடியாது. எங்கூட்டுக்காரி அடுப்படியிலதான் இருக்கறா.

அங்க ஒரு டாக்டரம்மா. வயசானவங்க. தொட்டுப் பாத்ததுமே என்னைய ஒரு பார்வை பாத்தாங்க. 'இத்தன நாள் என்ன பண்ணுனீங்க? ஒரு வாரத்துக்கு முன்னால வந்திருந்தா ஊசியிலயே போயிருக்கும்'னாங்க. ஊசி போட்டாங்க, அசையல. அறுத்துத்தான் எடுக்கணும்னு உள்ள கொண்டு போனாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். மயக்கத்துலிருந்து அது எந்திரிக்கவே இல்ல. முட்டைய மட்டும் ஒரு தட்டுல வெச்சுக் கொண்டாந்து காட்டுனாங்க. 'இதுல கருவே இல்ல. சும்மா முட்டை'ன்னாங்க. 'ஆணோட சேராமயாங்க?'ன்னேன். 'ஆமாங்க, பொட்டப் பல்லி தனியாவே இருந்தாலும் சிலது இப்படி வெக்கும். சகஜம். இது ஆணப் பாத்ததே இல்லைன்னாலும் ஆச்சரியமில்ல'ன்னாங்க.

ஏம் மேடம் அப்படிப் பாக்கறீங்க? நீங்க கேக்க வாரது எனக்குப் புரியுது. டாக்டரம்மா சொன்னது சொன்னதுதான், நான் இல்லைங்கல. பஸ்ஸுல வாரப்ப எனக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா எல்லாம் முடிவாயிருச்சுங்களே? ஆவணி பதினொண்ணு நிச்சயம். பத்திரிகை அடிச்சாச்சு. ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. இப்பப் போயி, பல்லி விசயத்துல தப்பா நெனச்சுட்டேன்னு யாருகிட்டச் சொல்றது? அதுமில்லாம, பல்லி விசயம் தப்புன்னா மத்ததும் தப்புன்னு ஆயிருமா? அந்த டாக்டருக்கு முப்பது வயசுங்கறது நெசந்தான?

புள்ளைக்கு இன்னுஞ் சொல்லல. அது போயி இன்னிக்கோட பதினாறு நாளாச்சு. சொன்னா மறுபடியும் சோத்தத் தள்ளீருவா. கண்ணாலத்துக்கு நிக்க வேண்டிய புள்ள. காலையில கேப்பா, 'பப்பாளி எப்படி இருக்கறா?'ன்னு. 'நல்லா இருக்கறா, நாலு புழு தின்னா'ம்பேன். அதக் கேட்டுட்டு ரெண்டு இட்லி சாப்பிடுவா. சூட்டு மேட்டக்கூட அணைக்கல. பொட்டி லைட்டு எரியறது மேல அவ கதவு இடுக்கு வரைக்கும் தெரியும் பாருங்க, அதுக்காக. எங்கூட்டுக்காரிக்கும் தெரியாது. அவ அந்தப் பொட்டிப் பக்கமே வர மாட்டா. வந்தாலும் உள்ள கவுத்து வெச்ச ஓட்டுக்கடியில ஒளிஞ்சிருக்குதுன்னு சொல்லி...

வசந்தாமணி, எப்ப வந்து நின்ன?

காப்பிய வெச்சுட்டு உள்ள போ. ஏன் அப்படி நிக்கற? மேடத்துகிட்டப் பேசிட்டு இருக்கறேன், தெரியலயா?

என்ன? என்ன சொன்ன? நீயா? நீ தாழ்ப்பாளத் தொறந்து உட்டியா? எப்ப? மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்துட்டுப் போனாங்களே, அதுக்கு மறுநாளா? நான் அரைக்க மில்லுக்குப் போன நேரம் பாத்தா? கேட்டீங்களா மேடம், இவ தொறந்து உட்டு, 'எங்காச்சும் போயிப் பொழச்சுக்க சாமி'ன்னாளாம். எனக்குத் தெரியாம. முப்பது வருசம் என்கூட இருந்தவ.

அப்பறம் ஏன் அவ போகல? சொல்லு. போகலயே? அவளுக்கு இங்க இருக்கப் புடிச்சிருக்கறதாலதான போகல?

என்ன சொன்னா?

'பப்பாளி முட்டை வெக்கட்டும்மா, அவளத் தூக்கிட்டே போயிடறேன். வயித்தோட இருக்கறவள உட்டுட்டு எப்படிப் போறது?'ன்னாளா.

சரி. சரி, சொன்னா சொல்லிட்டுப் போறா. அதுக்கப்புறம் நான் உன்னையத் தனியா உட்டுட்டு வெளிய போகவே இல்லைங்கறயா, அதுக்கென்ன இப்ப? நீ எங்க போற? வசந்தாமணி, மேல போகாத. இப்பச் சொல்லாத. நிச்சயம் முடியட்டும், நானே பக்குவமாச் சொல்லிக்கறேன். வசந்தாமணி! மேடம், நீங்களாச்சும் சொல்லுங்க. நீங்க உக்காருங்க. நீங்க ஏன் எந்திரிக்கறீங்க? இது எங்க குடும்ப விசயம்.

தொறந்துட்டா. கேட்டுச்சுங்களா? தாழ்ப்பாள் சத்தந்தான் அது. பேசறாங்க. என்ன பேசறாங்கன்னு உங்களுக்குக் கேக்குதா? அழுகைச் சத்தங்கூடக் கேக்கலயே. அழுவான்னு நெனச்சேன்.

வாரா.

வா கண்ணு. மெதுவா, படி பாத்து எறங்கு. சுகந்தி மேடம் வந்திருக்காங்க பாரு, உன்னையப் பாக்கணும்னு. சித்த இப்படி உக்காரு. எளச்சுத்தான் போயிட்ட. அது... ஆமா. அம்மா சொன்னது நெசந்தான். நீ சாப்பிடணும்னுதான் கண்ணு சொல்லல. வேற எதுக்குமில்ல. நான் எவ்வளவு பாத்தேன் தெரியுமா? எங்கையால தெனம் நார்த்தூள ஈரம் பண்ணி வெச்சேன். கோயமுத்தூர் வரைக்கும் மடியில வெச்சுத் தூக்கிட்டுப் போனேன். அந்த டாக்டரம்மாவக் கேட்டுப் பாரு.

எங்கயா? பின்னாலதான். கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்துல. நாய் நோண்டீரக் கூடாதுன்னு மேல ரெண்டு செங்கல் வெச்சிருக்கறேன். நல்லாத்தான் பொதச்சேன், துணியில சுத்தி. போயிப் பாரு கண்ணு. பாத்துட்டு வா, சாப்பிடலாம். நான் எதும் சொல்லல. அழுகணும்னா அழு.

மேடம், நீங்க ஏன் அவ கையப் புடிக்கறீங்க? அவளுக்கு வழி தெரியும். வசந்தாமணி, எந்தக் கதவத் தொறக்கற நீயி?

அம்மிணி, அது முன்வாசல். பொதச்சது பின்னால கண்ணு. பின்னால.